அழைத்தவுடன் வர வேண்டுமா தெய்வம்?

விளையாட்டுதானே, அதன் விதிகளைப் பற்றி ஒரு கட்டுரையும் வேண்டுமா என்று கேட்பார் நம்மிடையே உளர். ஒரு கூட்டத்தார் எதை உயர்வாக மதிக்கின்றனர் என்பதை அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளே காட்டிவிடும். விளையாட்டு விதியும் அதற்கு விலக்கன்று. ஆகவே எழுதத் துணிந்தேன்.

சனிக்கிழமை இரவுகளில் நம் விடுதி நண்பர்கள் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ஆக்கி, 1974-இல் வெளிவந்த ஆட்டம் அது. ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, சமயகுரு, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, நிலவறைகளில் புகுந்து பூதங்களோடு பொருது புதையல் தேடுவர். ஐயமான இடங்களில் தீர்ப்புச் சொல்வது பகடை. இப்படித் தேடிச் சென்ற பாத்திரம் ஒன்று, சாகும் தறுவாயில் தன் தெய்வத்தைக் கூவி அழைத்தால் என்ன நிகழ வேண்டும்? இதுவே இப்போது நண்பர்களிடையே எழுந்துள்ள வழக்கு. பழைய விதியை விட்டுப் புதிய விதிக்கு மாறலாம் என்பர் ஒரு சாரார். மாறலாகாது என்பது என் கட்சி.

பழைய விதி, 1979-இல் கைகாக்ஸ் எழுதிய ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு’ என்னும் நூலில் உள்ளது. தன் தெய்வத்தினிடம் பழுதற்ற பற்றுடன் ஒழுகிய ஒருவன் முதன்முறையாக உதவி கேட்டால், துணைக்கு ஏதேனும் ஓர் உயிர் அனுப்பப்பட நூற்றுக்கு 10 வாய்ப்பு. தெய்வமே நேரில் வர வேண்டுமாயின், நூறு வரை எண் காட்டும் பகடையில் சரியாக 100 விழ வேண்டும். விழுந்த பின்னரும், அவன் எட்டாம் படியை எட்டியவனானால் நூற்றுக்கு 8 தான் வாய்ப்பு. பெருக்கிப் பாருங்கள், பதினாயிரத்தில் எட்டு! முன்னர் தெய்வம் துணை செய்த ஒவ்வொரு முறைக்கும் அந்த எட்டில் 5 கழியும். ஒழுக்கம் நடுத்தரமானால் 5, எல்லைக்கோட்டில் தள்ளாடினால் 10 கழியும். தெய்வம் இட்ட பணியை மேற்கொண்டு நடப்பவனுக்கு 25 கூடும். பிற தெய்வங்கள் குடியிருக்கும் உலகங்களிலோ எத்தெய்வமும் வந்து தலையிடாது.

இதில் நுட்பமான இடம் ஒன்று உண்டு. முதன்முறை உதவி பெற்றவனையன்று, முதன்முறை கேட்டவனையே விதி கணக்கில் கொள்கிறது. பூட்டிய கதவைத் திறக்கவும் சிறு குழியைத் தாண்டவும் தெய்வத்தைக் கூவியவன், டிராகன் வாய் பிளந்து நிற்கும்போது அந்தப் பத்தையும் இழந்து நிற்பான். எனவே அறிவுள்ள ஆட்டக்காரன் முதலில் தன் வாளை நம்புவான். பிறகு தோழனை நம்புவான். எல்லாம் ஓய்ந்த பின்னரே வானத்தை நோக்குவான். முதலையின் வாயில் சிக்கிய கஜேந்திரனும் தன் வலிமையெல்லாம் ஒடுங்கிய பிறகன்றோ திருமாலை அழைத்தான்? பற்களில் கால் பட்ட கணமே அழைத்திருந்தால், அந்தக் கதையை நம் பாட்டிமார் நமக்குச் சொல்லியிருப்பார்களா?

புதிய விதி என்ன சொல்கிறது? 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்த உரிமை பத்தாம் படியை எட்டிய சமயகுருவுக்கு மட்டும் உரியதாயிற்று. பகடை எண் அவன் படியை விஞ்சாவிடில் தெய்வம் துணை செய்யும். அதன்பின் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில் பகடையும் போயிற்று. ஐந்தாம் நிலை வரையிலான தன் மந்திரங்களில் ஒன்றைக் குரு தெரிந்தெடுத்தால் அது தவறாமல் பலிக்கும். ஓர் இரவு படுத்து எழுந்தால் மறுபடியும் அழைக்கலாம். இதற்குப் பெயர் தெய்வத் துணையா? குழாயைத் திருகினால் தண்ணீர் வருவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? பழைய விதியில் திருடனும் தன் தெய்வத்தை அழைக்கலாம். அந்தச் சமத்துவமும் இங்கே இல்லை.

பகடை எதற்கு, நடுவரே முடிவு செய்யட்டும் என்பர் வேறு சிலர். நடுவரும் நம்மைப் போல் மனிதர்தாம். அவருடைய அறைத்தோழன் அழைத்தால் தெய்வம் விரைந்து வரும். முதலாண்டு மாணவன் அழைத்தால் தெய்வத்துக்குக் காது கேளாமற்போகும். நண்பர்கள் கூடும் இடத்தில் இந்த ஐயம் நுழைந்துவிட்டால் ஆட்டமும் கெடும், நட்பும் கெடும். பகடைக்கு உறவினர் இல்லை.

தெய்வத்துக்குப் பகடை உருட்டுவது நிந்தனை அல்லவா என்று கேட்பாரும் உண்டு. நிந்தனை அதில் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது. 1976-இல் வந்த ஒரு துணைநூல், நார்ஸ் மக்களின் ஓடினுக்கு 300 உயிர்ப்புள்ளி என்று எழுதியது. நாற்பது படிக்கு மேல் பாத்திரங்களை ஏற்றிவிட்டவர்களின் பேதைமையைச் சுட்டவே இந்நூல் என்று அதன் பதிப்பாசிரியர் டிம் காஸ்க் முன்னுரையில் கூறினார். ஆனால் எண்ணிக்கை தெரிந்த உயிரை எடுத்துப் பார்க்கத்தானே ஆட்டக்காரனுக்குக் கை துறுதுறுக்கும்? 1980-இல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ நம் நாட்டுத் தெய்வங்களையும் அப்பட்டியலில் சேர்த்தது. இந்திரன், வருணன், காளி, விஷ்ணு ஆகியோருடன் கார்த்திகேயனும் அதில் உண்டு. நாம் முருகா என்று அழைக்கும் அவனுக்கும் உயிர்ப்புள்ளி, கவச எண்! புள்ளி முடிந்தால் உயிரும் முடியும் என்றால், அது தெய்வமன்று, மற்றுமொரு பூதம்.

ஆகவே நம் மேசைக்கு மூன்று கூறுகிறேன். தெய்வங்களுக்கு உயிர்ப்புள்ளி எழுதுவதை விட்டொழிப்போம். ஒவ்வொரு பாத்திரமும் எத்தனை முறை தெய்வத்தை அழைத்தது என்பதை அதன் தாளில் எல்லோரும் காண எழுதி வைப்போம். அனுப்பப்படும் உதவி இடியும் மின்னலுமாக வர வேண்டும் என்று நடுவரை வற்புறுத்தாதிருப்போம். பாணபத்திரருக்காக மதுரைத் தெருவில் இறைவன் விறகு விற்றவனாக வந்த கதையை அறிந்த நமக்கு, வழிப்போக்கன் ஒருவன் விளக்கேந்தி வருவதே போதும்.

தெய்வம் வாராமல் நம் பாத்திரம் மாண்டால் மாளட்டும். புதிய தாளெடுத்து மீண்டும் தொடங்கலாம். எப்போதோ ஒரு நாள் பகடையில் நூறு விழுந்து, மேசை முழுவதும் மூச்சடங்கி நிற்கும் அந்த நொடியைப் புதிய விதி தருமா? அடுத்த சனிக்கிழமை முடிவெடுக்கக் கூடும் நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.