தாளம் பிறழும் மாத்திரைகள்

நாமகிரிப்பேட்டை என்றதும் இசை கேட்போருக்குக் கிருஷ்ணனின் நாகசுரமும், வியாபாரிகளுக்கு மஞ்சள் மூட்டைகளும் நினைவில் எழும். நமக்கோ அண்மைக் காலமாக அவ்வூர்க் கடைத்தெருவும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. "நெஞ்சு எரியுதுங்க, ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்டால் சீட்டில்லாமலே அட்டையிலிருந்து கிழித்துத் தரும் காட்சி எந்தச் சிற்றூருக்கும் பொதுவானதுதான். நாமும் அப்படி வாங்கி விழுங்கியவர்களே; ஆகவே யாரையும் குற்றக்கூண்டில் ஏற்றும் தகுதி நமக்கில்லை.

நெஞ்செரிச்சலுக்கென வந்த சிசாப்ரைடு என்னும் மருந்து, இதயத் தாளத்தைக் குலைத்து உயிர்ப்பலி வாங்கியதால் 2000இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இந்தியாவில் அது தடைசெய்யப்பட்டது 2011 பிப்ரவரியில். ஒவ்வாமைக்கான டெர்ஃபெனடின் அங்கே 1998இல் மறைந்தது, இங்கே 2003இல். இடைப்பட்ட ஆண்டுகளில் நம்மூர்களில் எத்தனை பேர் இவற்றால் சாய்ந்தனர் என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. எப்படி எண்ணுவது? திடீர்ச் சாவு எதுவாயினும் "மாரடைப்பு" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். முந்தைய வாரம் என்னென்ன மாத்திரை தின்றார் என்று இழவு வீட்டில் கேட்பாரில்லை.

நடப்பது இதுதான். தவில்காரர் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே கையை மீட்டுக்கொள்வதுபோல, ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயச் செல்கள் பொட்டாசியத்தை வெளியேற்றித் தம் மின்நிலையை மீட்டுக்கொள்கின்றன. சில மருந்துகள் அந்த வாயிலை அடைக்கின்றன. மீளும் நேரம் நீள்கிறது. அது முடியுமுன் அடுத்த துடிப்பு வந்து விழுந்தால் தாளம் சிதறுகிறது. இசிஜி கோடுகள் முறுக்கிய கயிறுபோல் தோன்றும் இந்நிலைக்கு 1966இல் பெயரிட்டவர் தெசர்த்தென் என்ற பிரெஞ்சு மருத்துவர்.

ஒரு மருந்து தனியே செய்யாததை இரண்டு சேர்ந்து செய்துவிடும் என்பதே நம்மை அதிகம் அச்சுறுத்துவது. வாந்திக்கான டொம்பெரிடோனை உடல் சிதைத்து வெளியேற்ற வேண்டும். தேமலுக்கோ படைக்கோ விழுங்கும் ஃப்ளூகோனசோல் அதைத் தடுக்கிறது, தானும் அதே தீங்கைச் செய்யவல்லது. வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இழந்த மூதாட்டிக்கு ஆபத்து இன்னும் கூடும். 2014இல் ஐரோப்பிய மருந்து ஆணையம் டொம்பெரிடோனைப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் தரலாகாதென வரையறுத்தது. நம்மவர்களோ மாதக்கணக்கில் தின்கிறார்கள்!

இம்மருந்துகளைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு இவை தீங்கின்றிப் பயன்படுகின்றன. மருத்துவரைக் கேளாமல் இதய மருந்தை நிறுத்துவது அதனினும் மோசம். நாம் கேட்பது வேறு. மாத்திரை அட்டையிலுள்ள எச்சரிக்கை, எறும்புபோன்ற ஆங்கில எழுத்தில் யாருக்காக அச்சாகிறது? அதைத் தின்பவர் மஞ்சள் காட்டில் களை வெட்டுபவர். "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்ற ஒரு கேள்வியை மருத்துவரும் கடைக்காரரும் கேட்டால் போதும், பாதி விபத்து தடுக்கப்படும் என்பது நம் எண்ணம்.

மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிய 2010இல் தொடங்கிய தேசியத் திட்டம் ஒன்று உண்டு. நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். அந்த எண்ணைத் தமிழில் எழுதி ஒட்டிய மருந்துக்கடை ஒன்றையும் நாம் இதுவரை கண்டதில்லை.