புருசெல்ஸுக்கு ஒரு நீதி, பனைக்கு ஒரு நீதி

புருசெல்ஸ் நகரின் ஆந்தர்லெக்ட் பகுதியில் 1900-ஆம் ஆண்டு பால் கான்டியோன் தொடங்கிய சிறு பியர் ஆலை இன்றும் குடும்பத்தார் கையில் இருக்கிறது. தொடக்கத்தில் பிறர் காய்ச்சியதை வாங்கிக் கலந்து விற்றவர்கள், பின்னரே தாமாகக் காய்ச்சலாயினர். அங்கே ஈஸ்ட் சேர்ப்பதில்லை. கொதித்த தானியச் சாற்றை இரவில் திறந்த தொட்டியில் ஆறவிடுகிறார்கள். காற்றில் அலையும் நுண்ணுயிர்கள் இறங்கிப் புளிக்க வைக்கின்றன. ஆகவே குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்சுகிறார்கள். வாங்குவோர் குறைந்த காலத்தில், 1978-இல், ஆலையையே அருங்காட்சியகமாகவும் திறந்து பிழைத்துக்கொண்டார்கள். 2016-இல் பெல்ஜிய பியர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ மரபுச்செல்வமாக ஏற்றது.

இதை வியந்து பேசும் அடையாறு, தியாகராய நகர் நண்பர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் நிகழ்வதும் அதே காட்டுப் புளிப்புத்தானே? கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான் தமிழ்நாட்டில் தொழிலையும் குற்றத்தையும் பிரிக்கும் கோடு!

முழு மதுவிலக்குக் கேட்போருடன் நமக்கு வழக்கில்லை. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்த ராஜாஜி கள்ளையும் சாராயத்தையும் சேர்த்தே மூடினார், அது கொள்கை. 1983-இல் டாஸ்மாக்கை நிறுவி, 1987-இல் கள்ளைத் தடுத்து, 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டதற்கு என்ன பெயர்? 2023-24-இல் மதுவால் வந்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

கள்ளில் கலப்படம் என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று மாடு வளர்ப்பதைத் தடுத்தோமா? கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது கள்ளன்று, மெத்தனால். உண்மையில் கள்ளின் 'குற்றம்' வேறு. ஒரு நாளுக்குள் காடியாகத் திரும்பிவிடும் பொருளைப் புட்டியில் அடைத்து, லாரியில் ஏற்றி, கிடங்கில் அடுக்கிப் பெருமுதலாளி ஈட்ட முடியாது. மரமேறுபவன் மட்டுமே ஈட்டலாம்.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் தனி வெட்கம் உண்டு. அதியமான் ஔவையுடன் கள் பகிர்ந்ததை வகுப்பில் உருகி நடத்துகிறோம். நறவு, தேறல், தோப்பி என்று தேர்வில் வேறுபாடு கேட்கிறோம். மயிலாப்பூர் மேடைகளில் பனையை மாநில மரம் என்று போற்றுகிறோம். அந்த மரத்தில் ஏறுகிறவன் கலயத்தோடு பிடிபட்டு நீதிமன்றத்தில் நிற்கும்போது, நம்மில் ஒருவராவது ஒரு வரி எழுதியதுண்டா?