தேஜஸ் விழுந்த காரணம் நமக்கும் தெரிய வேண்டும்

2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை பிற்பகல். துபாய் விமானக் கண்காட்சியின் கடைசி நாளில், அல் மக்தூம் விமான நிலையத்தின் மேலே சாகசம் காட்டிக்கொண்டிருந்த நமது தேஜஸ் போர் விமானம் தாழ்வாக இறங்கிய ஒரு சுற்றில் மீண்டும் மேலெழவில்லை. தரையில் மோதித் தீப்பிடித்தது. விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். இமாச்சலத்தின் காங்ரா மாவட்டத்தில் பிறந்த அவர் பணியாற்றியது கோவைக்குப் பக்கத்திலுள்ள சூலூர் விமானப்படைத் தளத்தில். துபாயிலிருந்து அவருடைய உடல் வந்திறங்கியதும் சூலூரில்தான். விசாரணைக் குழு அமைப்பதாக விமானப்படை அன்றே அறிவித்தது. குழு கூடும் முன்பே தீர்ப்புகள் வந்துவிட்டன. மாட்டுத்தாவணியில் இரவுப் பேருந்துக்குக் காத்திருப்பவரின் கைபேசி வரைக்கும் அந்தச் சில நொடிக் காட்சி வந்து சேர்ந்தது. கூடவே 'விமானியின் தவறு', 'உள்நாட்டுத் தயாரிப்பின் லட்சணம்' என்று அடித்துச் சொல்லும் குரல்களும் வந்தன. திடலில் நின்ற தேஜஸிலிருந்து எண்ணெய் ஒழுகுவதாக விபத்துக்கு முன்பே ஒரு காணொளி சுற்றியது. அது வழக்கமாக வெளியேற்றப்படும் நீர்தான் என்று அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் மறுத்தும், விபத்துக்குப் பின் அதையே ஆதாரமாகக் காட்டினார்கள்.

இப்படித் தீர்ப்புச் சொல்வோர் தாழ்வான உயரத்தில் சாகசம் செய்வது எத்தகைய வேலை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் விமானத்தை, உடல் எடை ஆறு மடங்காகத் தோன்றும் அளவுக்கு இழுத்து மேலே திருப்பினால், அது வளையும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 400 மீட்டர். வேகம் 600 ஆனால் அதுவே 570 மீட்டரை நெருங்கும். வேகமாக வரும் பேருந்து வளைவில் சாலையை அதிகம் தின்பது போலத்தான் இதுவும். இங்கே தின்னப்படுவது உயரம். ஒரு நொடி தயங்கினால் 140 மீட்டர் கடந்துவிடும். அந்த நொடியைத் திருடக்கூடியவை பல. தலைகீழ் அழுத்தத்தில் பறந்துவிட்டு உடனே விமானத்தை மேலிழுத்தால், தலைக்கு ஏறிய ரத்தம் சடாரென்று கீழிறங்கி, வழக்கமாகத் தாங்கும் அழுத்தத்தைக்கூட மூளையால் தாங்க முடியாமல் போகலாம். 2007இல் அமெரிக்கக் கடற்படையின் 'புளூ ஏஞ்சல்ஸ்' குழு விமானி ஒருவர் இறந்தபோது, அதிக அழுத்தத்தில் பார்வை சுருங்கித் திசையுணர்வு தவறியதே காரணம் எனக் கண்டார்கள். 1989 பாரிஸ் கண்காட்சியில் மிக்-29 விழுந்ததற்கு எஞ்சினுக்குள் பறவை புகுந்தது காரணம். 2003இல் இடாஹோவில் அமெரிக்க எஃப்-16 ஒன்று விழுந்த கதை இன்னும் நுட்பமானது. விமானி வழக்கமாகப் பயிற்சி செய்த தளத்தைவிட அந்த ஊர் சுமார் 1,100 அடி மேட்டில் இருக்கிறது. பழகிய தளத்தின் கணக்கையே மனதில் வைத்ததால், தரையிலிருந்து 2,500 அடி ஏற வேண்டியவர் 1,670 அடியில் தலைகீழாகத் திரும்பிவிட்டார். தரையைத் தொட ஒரு நொடிக்கும் குறைவாக இருக்கையில் வெளியே குதித்து உயிர் தப்பினார்.

பார்ப்பவருக்கு இவை எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும்: இறங்கிய விமானம் எழவில்லை. உடலா, எஞ்சினா, கணக்கா, கணினிக் கட்டுப்பாடா என்பதைக் காணொளி சொல்லாது. பதிவுக் கருவியும் சிதைவுகளும்தான் சொல்லும். இடாஹோ விபத்தை இங்கே இத்தனை விவரமாக எழுத முடிவதே அமெரிக்க விமானப்படை தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டதால்தான். உயரத்தைக் கணக்கிடும் முறையையும் அவர்கள் திருத்தினார்கள். 2015இல் இங்கிலாந்தின் ஷோர்ஹாமில் பழைய ஹண்டர் விமானம் நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தபோதும், நுழைந்த வேகம் குறைவு, எட்டிய உயரம் போதாது என்று எண்களோடு அறிக்கை வந்தது. சாகச விதிகள் இறுக்கப்பட்டன. நம் நாட்டிலேயே, 2025 ஜூன் 12 அகமதாபாத் பயணிகள் விமான விபத்துக்கு ஒரே மாதத்தில் முதற்கட்ட அறிக்கை வெளியானது. படை விமானம் என்றால் பெரும்பாலும் கதவு மூடிக்கொள்கிறது. துபாய் விபத்தின் விசாரணை முடிந்ததும் அதன் முடிவுகளின் சுருக்கம் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும் என்று இந்த இதழ் கோருகிறது.

ராணுவ ரகசியம் வெளியாகிவிடுமே என்பார்கள். ரேடார், ஆயுதங்கள், மின்னணுக் கவசம் பற்றி யாரும் கேட்கவில்லை. எந்த உயரத்தில், என்ன வேகத்தில், எது தவறியது என்பதே கேள்வி. சாட்சிகள் மனம் திறக்கமாட்டார்கள் என்ற கவலை இதைவிட நியாயமானது. அதற்கும் வழி உண்டு. அமெரிக்காவில் பாதுகாப்புக்காக நடக்கும் விசாரணை ரகசியமாகவே இருக்கிறது. வெளியிடுவதற்கென்று தனியாக இன்னொரு விசாரணை நடக்கிறது. ஏற்றுமதி கெடும் என்ற வாதத்துக்கு நம் அரசே பதில் சொல்லியிருக்கிறது. 2020 அக்டோபரில் தேஜஸ் ஒன்றின் காற்றழுத்த அமைப்பும், தொடர்ந்து பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்பும் செயலிழந்தன. வெளியே குதிக்க வாய்ப்பிருந்தும் விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கினார் அதன் விமானி வருண் சிங். அந்தக் கோளாறுகளை வரிக்கு வரி விவரித்துத்தான் 2021இல் அவருக்கு சௌரிய சக்ரா அளிக்கப்பட்டது. குறையை ஒப்புக்கொண்டதால் தேஜஸ் திட்டம் நின்றுவிடவில்லை. 2025 செப்டம்பரில் மட்டும் 62,370 கோடி ரூபாய்க்கு 97 புதிய விமானங்களுக்கு ஒப்பந்தமாகியிருக்கிறது.

அதே வருண் சிங், 2021 டிசம்பர் 8 குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் படுகாயமுற்று, ஒரு வாரத்தில் இறந்தார். முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 உயிர்களைக் கொண்டுபோன அந்த விபத்தைச் சுற்றி எத்தனை சதிக்கதைகள் கிளம்பின என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஒரு மாதத்துக்குப் பின், திடீரென மாறிய வானிலையால் மேகத்துக்குள் நுழைந்து விமானி திசையுணர்வு இழந்தார் என்று விமானப்படை ஒரு சுருக்கத்தை வெளியிட்டது. கதைகள் பெருமளவு அடங்கின. ஆனால் 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின் அட்டவணையில் காரணம் 'மனிதத் தவறு (விமானக் குழு)' என்று மட்டும் வந்தது. மேகமும் மலையும் அந்தச் சொற்களுக்குள் மறைந்துபோயின. இறந்தவரின் பெயரைக் காக்கவே மௌனம் என்று சொல்வோர் இதை யோசிக்க வேண்டும். விவரம் இல்லாத இடத்தில் பழி எப்போதும் விமானி மேல்தான் விழுகிறது. பதில் சொல்ல அவர் இருப்பதில்லை. நமன்ஷ் சியாலின் கணிப்பு பிசகியிருந்தால், அந்தப் பிசகுக்கு இடம் கொடுத்தது உயர வரம்பா, பயிற்சியா, அந்தச் சாகசத்தின் அமைப்பா என்று அறிக்கை சொல்லட்டும். இயந்திரம் கைவிட்டிருந்தால், எந்தப் பாகம் என்று சொல்லட்டும். சூலூரிலிருந்து இதே விமானத்தில் நாளை பறக்கப்போகிறவர்களின் வீட்டாருக்கும் அந்த விவரம் போய்ச் சேர வேண்டும்.