கோலலங்காட் காடு தப்பியது. கணக்கு இன்னும் தீரவில்லை

சிலாங்கூரில் வீடு வேண்டும், வேலை வேண்டும், சாலையும் வேண்டும். இதை யாரும் மறுக்கவில்லை. அதற்கான நிலம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது, யாரைக் கேட்டு எடுக்கப்படுகிறது என்பதுதான் சிக்கல். கோலலங்காட் வட காப்புக்காட்டின் கதை அதைத் தெளிவாகவே காட்டுகிறது.

2020 பிப்ரவரியில் மாநில வனத்துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சுமார் 957 ஹெக்டர் பரப்புள்ள அந்தக் காட்டில் ஏறக்குறைய 930 ஹெக்டரைக் காப்புக்காடு என்ற தகுதியிலிருந்து நீக்கி, கலப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்குக் கொடுக்கும் யோசனை அது. பெயருக்கு ஒரு துண்டுதான் மிஞ்சியிருக்கும். அக்காட்டை நம்பி வாழும் தெமுவான் பூர்வகுடியினரும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் ஆட்சேபம் தெரிவித்தனர். ஆனால் 536.7 ஹெக்டர் 2021 மே மாதமே நீக்கப்பட்டுவிட்ட செய்தி ஆகஸ்ட் கடைசியில்தான் வெளியே வந்தது. மக்கள் கொதித்தனர். செப்டம்பர் 8ஆம் தேதி மந்திரி புசார் அமிருடின் ஷாரி, அந்த முடிவு ரத்தாகி நிலம் மீண்டும் காப்புக்காடாகும் என்று அறிவித்தார்.

அது சாதாரணக் காடல்ல, கரிச்சதுப்புக் காடு. மக்கிய இலையும் மரமும் பல ஆயிரம் ஆண்டுகளாக நீருக்கடியில் சேர்ந்து உருவான மண் அது. ஈரமாக இருக்கும்வரை பஞ்சுபோல மழைநீரைப் பிடித்து வைக்கும். வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டால், காய்ந்து மண்ணுக்கடியிலேயே நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் லேசில் அணையாது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுமத்ராவிலிருந்து வந்த அந்தப் புகையில் இத்தகைய நிலம் எரிந்த புகைக்குப் பெரும் பங்கு உண்டு.

பிறகு ஏன் மாநில அரசுகள் காட்டில் கை வைக்கின்றன? பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அரசியலமைப்புப்படி நிலமும் காடும் மாநில அதிகாரத்தில் உள்ளவை. வருமான வரியோ கூட்டரசுக்குப் போகிறது. மாநிலத்துக்கு நிலவரியும் நில பிரிமியமும்தான் முக்கிய வருமானம். காடு காடாகவே நின்றால் கருவூலத்துக்கு அதிகம் வராது. இதை ஈடுகட்ட 2019 முதல் கூட்டரசு மாநிலங்களுக்குச் சுற்றுச்சூழல் நிதி வழங்குகிறது: முதலில் 60 மில்லியன் வெள்ளி, 2024 வரவுசெலவுத் திட்டத்தில் 200 மில்லியன். எல்லா மாநிலங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய தொகை இது. ஒரு புதுநகரத் திட்டம் தரும் பணத்துக்கு முன்னால் இது எம்மாத்திரம்?

இந்தக் கணக்கில் நம்மவர்களுக்கும் அனுபவம் உண்டு. புத்ராஜெயா எழுந்தது பிராங் புசார் உள்ளிட்ட தோட்டங்களின் மீது. அங்கிருந்து பெயர்க்கப்பட்ட பாட்டாளிக் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தாவின் விரிசல் விட்ட அடுக்குமாடிகளில் பட்ட பாடு ஊரறிந்தது. மேம்பாடு வேண்டாமென்று அவர்கள் சொல்லவில்லை. தங்களுக்கும் அதில் பங்கு வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

தேசிய வனச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. காப்புக்காட்டை நீக்கினால் மாற்று நிலம் ஒதுக்க வேண்டும், பொது விசாரணை நடத்த வேண்டும் என்கிறது அது. நல்லதுதான். ஆனால் மாநிலங்கள் தத்தம் சட்டமன்றங்களில் ஏற்றுக்கொண்டால்தான் அது அங்கே நடைமுறைக்கு வரும். அதோடு, பொது விசாரணை சிலாங்கூரில் ஏற்கெனவே சட்டமாக இருந்தது. அது இருந்தும்தான் அந்த 536.7 ஹெக்டர் போனது. விசாரணையில் மக்கள் வேண்டாம் என்றால் அரசு கட்டாயம் நிறுத்த வேண்டுமா? உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அடுத்த முறை வட்டாரத்துக்கு வரும்போது இதைக் கேளுங்கள்.