விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சாச்சு: உங்க வீட்டு கம்ப்யூட்டருக்கு என்ன ஆபத்து? உடனே செய்ய வேண்டியது என்ன?

வீட்டு ஹாலின் ஓரத்தில் இருக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்றைக்கும் வழக்கம்போல ஆன் ஆகிறது. பிள்ளைகளின் புராஜெக்ட், கல்யாண போட்டோக்கள், பேங்க் வேலை எல்லாம் அதில்தான் நடக்கிறது. பார்ப்பதற்கு ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அதில் விண்டோஸ் 10 ஓடுகிறது என்றால், 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது.

"நல்லாத்தானே ஓடுது, இதுல என்ன பிரச்னை?" என்பதுதான் பலரின் கேள்வி. பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்டேட் நின்றால் என்ன ஆகும்?

எந்த சாஃப்ட்வேரிலும் ஓட்டைகள் இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் மாதந்தோறும் வரும் செக்யூரிட்டி அப்டேட்டின் வேலை. சப்போர்ட் முடிந்த பிறகு, புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் அப்படியே திறந்து கிடக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் பொதுவான பகுதிகள் நிறைய. விண்டோஸ் 11-ல் ஒரு ஓட்டையை அடைத்து அப்டேட் வரும்போது, எங்கே மாற்றம் செய்யப்பட்டது என்பதை ஹேக்கர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதே ஓட்டை அப்டேட் ஆகாத விண்டோஸ் 10-ல் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் பூட்டை மாற்றுவதைப் பார்த்தே, நம் வீட்டுப் பூட்டு எப்படித் திறக்கும் என்று திருடன் தெரிந்துகொள்வது மாதிரி.

2017-ல் நடந்தது என்ன?

2017 மே 12-ம் தேதி 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் பரவத் தொடங்கியது. சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் அப்டேட் போடாமல் விட்டவர்களும், சப்போர்ட் முடிந்த பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களும்தான் மாட்டினார்கள். யாரும் எந்த லிங்க்கையும் க்ளிக் பண்ண வேண்டிய அவசியம்கூட இல்லை. நெட்வொர்க் வழியாகவே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு அது தாவியது.

ஆன்டிவைரஸ் இருந்தால் போதாதா?

போதாது. விண்டோஸில் வரும் டிஃபெண்டருக்கு 2028 அக்டோபர் வரை வைரஸ் பட்டியல் அப்டேட் வரும் என மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் ஆன்டிவைரஸ் என்பது வாசலில் நிற்கும் வாட்ச்மேன். சுவரில் இருக்கும் ஓட்டையை அவரால் அடைக்க முடியாது.

பிரவுசர்களும் ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் சப்போர்ட் முடிந்தது. 2023 தொடக்கத்தில் குரோமும் அதில் புது வெர்ஷன் தருவதை நிறுத்திக்கொண்டது.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

1. விண்டோஸ் 11-க்கு மாறுவது: தகுதியுள்ள கம்ப்யூட்டருக்கு இது இலவசம். மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' ஆப்பில் சரிபார்க்கலாம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ரேம், பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை தேவை. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். அதாவது 2017-க்கு முன் வாங்கிய லேப்டாப்பாக இருந்தால் வாய்ப்பு குறைவு. சில கம்ப்யூட்டர்களில் டிபிஎம் இருந்தும் ஆஃப் செய்யப்பட்டிருக்கும். மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

2. கூடுதல் அப்டேட் திட்டம்: மாற முடியாதவர்களுக்கு 'இஎஸ்யு' என்ற திட்டத்தில் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். 22எச்2 வெர்ஷன், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இரண்டும் வேண்டும். செட்டிங்ஸை அந்த அக்கவுன்ட்டில் பேக்கப் செய்ய சம்மதித்தால் இலவசம். இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் பாயின்ட் அல்லது 30 டாலர். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் சேர்வதற்கான லிங்க் தெரியும். ஆனால் இது கெடு நீட்டிப்பு மட்டும்தான், நிரந்தரத் தீர்வு இல்லை.

3. லினக்ஸ்: பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போன்றவற்றை இலவசமாகப் போடலாம். தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப்களில் வந்த 'பாஸ்' ஞாபகம் இருக்கிறதா? அதுவும் லினக்ஸ்தான். நெட் பார்க்க, டைப் பண்ண, படம் பார்க்க தாராளமாகப் போதும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட சில சாஃப்ட்வேர்கள் மட்டும் ஓடாது.

யார் தலையில் செலவு?

நன்றாக ஓடும் கம்ப்யூட்டரை ஒரு தேதி காட்டி ஒதுக்கச் சொல்வது நியாயமா என்ற விமர்சனமும் உண்டு. இந்த மாற்றத்தால் உலகம் முழுக்க 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023-ல் கணித்தது. பாதுகாப்பை உயர்த்தத்தான் புதிய நிபந்தனைகள் என்பது மைக்ரோசாஃப்ட்டின் பதில். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் புது லேப்டாப் வாங்க வசதியில்லாத வீடுதான் கடைசியில் அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரோடு நிற்கிறது.

மோசடிக்காரர்கள் உஷார்!

"உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று ஸ்கிரீனில் வந்தால் கூப்பிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. யார் சொன்னாலும் ரிமோட் ஆப்பை இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஓசியில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் 'கிராக்' ஃபைல்களிலேயே வைரஸ் ஒளிந்திருக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

முதலில் இதைச் செய்யுங்கள்

எந்த வழிக்கு மாறுவதாக இருந்தாலும், அதற்கு முன் முக்கியமான போட்டோக்கள், சான்றிதழ்களை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். எடுத்ததும் அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கம்ப்யூட்டரை இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். பத்து வருஷ போட்டோக்களை எங்கே போய் வாங்குவது?