எப்படியும் வெட்டத்தானே போகிறோம்?

நுரையீரல் கார்சினாய்டு (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் ஒரு வகைக் கட்டி) என்று சந்தேகம் எழுந்தாலே, "எப்படியும் வெட்டி எடுக்கத்தான் போகிறோம், இது என்ன கட்டி என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சும் எழுகிறது. அதற்கு அடுக்கும் காரணங்கள் எதுவும் முழுதாக நிற்பதில்லை.

பயாப்ஸி எடுத்தால் ரத்தம் பீறிடும் என்கிறார்கள். பயம் காரணமில்லாதது அல்ல. மூச்சுக்குழாய்க்குள் வளரும் கார்சினாய்டு, பிராங்கோஸ்கோப்பில் மாதுளை முத்துபோல வழவழவென்று சிவந்து தெரியும். ரத்தநாளம் நிறைந்த கட்டி. ஆனால் உயிரை மிரட்டும் அளவு ரத்தப்போக்கு அரிது. குளிர்ந்த சலைனும் அட்ரினலினும் தயாராக இருக்க, பழகிய கை எடுக்கலாம். மேலோட்டமாகக் கிள்ளினால்தான் வீண்: கட்டியைப் போர்த்தியிருக்கும் நல்ல சவ்வு மட்டுமே வரும். சளிப் பரிசோதனையில் இந்தக் கட்டி பெரும்பாலும் சிக்காததும் அந்தப் போர்வையால்தான்.

முகம் சிவக்கவில்லை, வயிற்றுப்போக்கு இல்லை, சிறுநீரில் 5-எச்ஐஏஏ (கட்டி சுரக்கக்கூடிய செரோடோனின் சிதைந்து வரும் பொருள்) சரியாக இருக்கிறது. ஆகவே கார்சினாய்டு அல்ல என்பது அடுத்தது. அந்த அறிகுறிகள் நுரையீரல் கார்சினாய்டில் நூற்றில் சிலருக்கே வரும். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் விசில் சத்தம், அதே மடலில் திரும்பத் திரும்ப நிமோனியா, இருமலில் ரத்தம் ஆகியவைதான் துப்பு. ஆஸ்துமா என்று இன்ஹேலரும், நம் ஊரில் காசநோய் மாத்திரையும் இதற்குத்தான் வருடக்கணக்கில் போகின்றன.

பெட் ஸ்கேனில் ஒளிரவில்லை, எனவே சாது என்பார்கள். வழக்கமான பெட், கட்டி எவ்வளவு சர்க்கரை உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது. மெல்ல வளரும் கார்சினாய்டுக்கு அந்தப் பசி குறைவு. இந்தக் கட்டியின் செல்கள்மேல் இருக்கும் சோமாடோஸ்டாட்டின் ஏற்பிகளைத் தேடும் கேலியம் டோட்டாடேட் ஸ்கேன் (அமெரிக்காவில் 2016இல் அனுமதி பெற்றது) இங்கே பொருத்தம். ஆனால் காசநோய்க் கட்டிகளும் அதில் ஒளிரலாம் என்பதால் பயாப்ஸிக்கு அது மாற்று ஆகாது.

சின்னத் துணுக்கு ஏமாற்றும் என்பதில் பாதி உண்மை. 2 சதுர மில்லிமீட்டரில் பிரியும் செல்கள் 2க்கும் குறைவு, இறந்த திசு இல்லை என்றால் டிபிக்கல் என்ற சாதுவான வகை. 2 முதல் 10 வரை அல்லது திசு இறப்பு என்றால் அடிப்பிக்கல் என்ற சற்று மூர்க்கமான வகை. கிள்ளிய துணுக்கில் அவ்வளவு பரப்பே தேறாமல் போகலாம். இந்த வகைபிரிப்பு ஒன்றுக்கு அறுவை சிகிச்சை வரை காத்திருக்கத்தான் வேண்டும். பெரிய ஆபத்து வேறு. இடுக்கியில் நசுங்கிய செல்கள் கறுப்புத் தீற்றலாகி, ஸ்மால் செல் புற்றுநோய் மாதிரி காட்டும். பிரியும் செல்களைக் காட்டும் கேஐ-67 சாயம் போட்டால் குட்டு உடையும்: ஸ்மால் செல்லில் பெரும்பாலும் 50 சதவீதத்துக்கு மேல், கார்சினாய்டில் வெகு கீழே. அதைச் செய்யாவிட்டால், வெட்டி எடுத்தே குணமாகியிருக்கக்கூடியவர் கீமோதெரபிக்குப் போவார்.

வெட்டத்தான் போகிறோம் என்றால் எதை வெட்டுவது? முக்கிய மூச்சுக்குழாயில் உள்ள கட்டி கார்சினாய்டு என்று முன்பே தெரிந்தால், பல நேரம் குழாயின் அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டு இரு முனைகளையும் தைத்து, நுரையீரலைக் காப்பாற்ற முடியும். மயக்க மருத்துவரும், கட்டி திடீரென ஹார்மோனைக் கொட்டினால் அடக்குவதற்கான ஆக்ட்ரியோடைடு மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்.