கட்டிக் கிடக்கும் நாய்க்கு மோப்ப விளையாட்டு

'காவலுக்கு நாட்டு நாய் வளர்க்கிறோம். கோழிகளை விரட்டுவதால் பகலெல்லாம் கட்டி வைக்கிறோம். ஓயாமல் குரைக்கிறது, கயிற்றைக் கடிக்கிறது. எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா?'
- வாசகர், சேத்தியாத்தோப்பு.

விட வேண்டாம். புது இடத்தில் அங்குள்ள நாய்கள் கடித்துக் குதறிவிடும். வேலையின்றிக் கட்டிக் கிடக்கும் நாய் இப்படித்தான் செய்யும். மனித மூக்கில் வாசனை உணரும் செல்கள் ஏறக்குறைய 50 லட்சம். நாய்க்கு 10 கோடிக்கும் மேல். அந்த மூக்குக்கு வேலை கொடுங்கள்.

மூன்று கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து, நாய் பார்க்கும்போதே ஒன்றின் அடியில், உப்புப் போகக் கழுவிய கருவாட்டுத் துண்டு ஒன்றை வையுங்கள். 'தேடு' என்று சொல்லுங்கள். கண்டுபிடித்தால் தட்டிக் கொடுங்கள். பழகிய பிறகு, பார்க்காதபோது மறைத்து வையுங்கள். அடுத்து, பழைய சாக்கை மடித்து, மடிப்புகளுக்குள் தினசரித் தீனியில் ஒரு பங்கை வைக்கலாம். ஒரு வேளைக்கு 10 நிமிடம் போதும். வெயிலில் நாக்கைத் தள்ளி மூச்சு வாங்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. எனவே காலை, மாலையே நல்லது.

வைக்கோல் போரிலும் வரப்பிலும் தீனியை ஒளிக்காதீர்கள். பாம்பு இருக்கலாம், எலி மருந்தைத் தின்று நாய் செத்துப்போகலாம். சமைத்த கோழி எலும்பு, வெங்காயம், திராட்சை கூடாது.

கோழி விரட்டும் பழக்கம் இதனால் போகாது. கோழிகளை அடைத்த பிறகு நாயைத் தினமும் நடத்திச் செல்லுங்கள். அப்படியும் குரைப்பு குறையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியையும் ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள்.